பங்குக்கு வளர்த்த ஆடுகள்

வைப்புக் காலம் முடிந்துவிட்டதென்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த அன்று, லோஜினி மதியச் சாப்பாட்டைக் கூடத் தொடாமல் எழும்பிப் போனாள். திருகோணமலை நகருக்குள் ஆடி மாதத்து வெயில் தார் வீதியில் கொதித்துக்கொண்டிருந்தது. வங்கிக்குள் குளிர் அடித்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெடியன் கணினியைப் பார்த்துவிட்டுப் புதிய வட்டி வீதத்தைச் சொன்னான். லோஜினி தனக்குத்தான் காது கேட்கவில்லையென்று நினைத்து இன்னொரு தரம் கேட்டாள்.

"எல்லா இடமும் இறங்கிட்டுது மிஸ். நீங்கள் போட்ட நேரம் நாடு கிடந்த நிலை அப்பிடி. இனி அந்த வீதத்தை எதிர்பார்க்கேலாது."

அவள் போட்டது நாட்டில் எல்லாமே தட்டுப்பாடாக இருந்த காலம். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. ஆனால் வங்கிகள் மட்டும் நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி தந்தன. சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த மூன்று லட்சத்தை லோஜினி அப்போது இரண்டு வருடத்துக்குக் கட்டி வைத்தாள். மாதா மாதம் கணக்கில் வட்டி விழும்போது, தான் ஒரு கெட்டிக்காரி என்று அவளுக்குத் தோன்றும். இப்போது அதே மூன்று லட்சத்துக்குக் கிடைக்கப்போவது அதில் மூன்றில் ஒரு பங்கு.

"மூன்று மாதத்துக்கு மட்டும் போடுங்கோ," என்றாள். "பிறகு யோசிப்பம்."

அவள் வேலை செய்த கப்பல் முகவர் கந்தோர் உட்துறைமுக வீதியில் இருந்தது. மாடியில் ஆறு மேசைகள். யன்னலால் பார்த்தால் கோதுமைக் கப்பலும் அதைச் சுற்றித் திரியும் இழுவைப் படகுகளும் தெரியும். அவளுக்குப் பக்கத்து மேசை சுஹைராவுடையது. கிண்ணியாப் பிள்ளை, லோஜினியை விட மூன்று வயது இளையவள், வேலைக்கு வந்தும் மூன்று வருடந்தான். வேலை பழக்கியது லோஜினி. எந்தப் படிவம் சுங்கத்துக்கு, எது குடிவரவுக்கு, எந்தக் கப்டனுக்கு எந்த நேரத்தில் தொலைபேசி எடுக்கக்கூடாது, எல்லாம்.

லோஜினி திரும்பி வந்தபோது சுஹைரா கைத்தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்து ஒலிபெருக்கியில் கதைத்துக்கொண்டிருந்தாள். மறுபக்கத்தில் ஒரு பெண்ணின் கட்டைக் குரல். அதற்குப் பின்னால் ஆடு கத்தும் சத்தம்.

"ரெண்டு குட்டி, சுஹைரா. ரெண்டும் மறி!"

"மாஷா அல்லாஹ்! தாய் எப்பிடி ராத்தா?"

"நல்லா இரிக்கு. இப்பதான் தவிட்டுத் தண்ணி குடுத்தன்."

இரண்டும் பெட்டைக் குட்டி என்ற சந்தோஷத்தில் சுஹைரா சிரித்துக்கொண்டே லோஜினியைப் பார்த்தாள். லோஜினியும் சிரித்தாள். வாய் மட்டுந்தான் சிரித்தது. நெஞ்சுக்குக் கீழே ஏதோ புளித்த மாதிரி இருந்தது.

சுஹைரா வட்டி எடுப்பதில்லை. அவளுடைய மார்க்கத்தில் அது கூடாது. வேலைக்கு வந்த புதிதில் லோஜினி அவளைப் பகிடி பண்ணுவாள். "உன்ர காசு சும்மா படுத்துக் கிடக்குது. என்ர காசு நித்திரையில கூட வேலை செய்யுது" என்பாள். சுஹைரா கோபித்ததில்லை. "அது சரி அக்கா, நான் வேற ஏதும் பாக்கிறன்" என்றவள், கொஞ்சக் காலத்தில் மூன்று மறி ஆடு வாங்கி, மூதூரில் ஆற்றுப் பக்கம் இருக்கும், அக்கா முறைக்கு அவள் ராத்தா என்று கூப்பிடும் றுக்கியா என்ற பெண்ணிடம் பாதிப் பங்குக்கு வளர்க்கக் கொடுத்தாள். ஆடு சுஹைராவுடையது, பாடு றுக்கியாவுடையது. ஈனும் குட்டியில் ஆளுக்குப் பாதி. றுக்கியாவுக்குப் புருஷன் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டில் இருந்தது, கையில் முதல் இல்லை.

லோஜினி அப்போது அம்மாவிடம் போய்ச் சொல்லிச் சிரித்தாள். கப்பல் கந்தோரில் வேலை செய்துகொண்டு ஆடு வளர்க்கிறாளாம் என்று.

இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சுஹைரா தன் பங்குக்கு வந்த கிடாய்களை விற்றாள். பெருநாள் முடிந்து வேலைக்கு வந்தபோது கந்தோர் முழுவதற்கும் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். உம்மாவுக்கு உடுப்புத் தோய்க்கும் மெஷின் எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னாள். மனேஜர் யோகலிங்கம் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, "காசை எப்பிடிப் பெருக்கிறதெண்டு இந்தப் பிள்ளையிட்டத்தான் படிக்கவேணும்" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். லோஜினிக்கு அந்த வட்டிலப்பம் திகட்டியது. பாதியை மூடி வைத்து, ஒருவரும் பார்க்காத நேரம் குப்பைக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகு சுஹைரா செய்ததெல்லாம் அவள் கண்ணில் குத்தத் தொடங்கியது. புதுச் செருப்புப் போட்டு வந்தால், ஆட்டுக் காசு. முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினால், ஆட்டுக் காசு. தொலைபேசி அடித்தால் அது றுக்கியாவாக இருக்கும், இன்னொரு குட்டியாக இருக்கும். இரவில் படுக்கும்போது மனம் தானாகக் கணக்குப் போட்டது. மூன்று ஆட்டுக்கு இவ்வளவென்றால் ஆறு ஆட்டுக்கு எவ்வளவு? சுஹைராவிடம் கேட்டிருந்தால் அவளே எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பாள். அதுதான் லோஜினிக்கு ஏலாமல் இருந்தது. தான் வேலை பழக்கிய பிள்ளையிடம் போய், எனக்கும் சொல்லித் தாவென்று நிற்பதா?

மூன்று மாதம் முடியும் வரை கூட அவள் பொறுக்கவில்லை. வைப்பை உடைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு மூதூர் பஸ் ஏறினாள்.

றுக்கியாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பள்ளிவாசலைத் தாண்டி ஆற்றுப் பக்கம் திரும்பும் ஒழுங்கையும், வாசலில் நிற்கும் முருங்கையும் சுஹைராவின் தொலைபேசிக் கதைகளில் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமாகியிருந்தன. றுக்கியா நாற்பது வயதுக்காரி, மெலிந்த உடம்பு. முற்றத்தில் ஆட்டுக்குப் போடும் கிளிசறியா இலைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடு பங்குக்கு எடுப்பீங்களெண்டு கேள்விப்பட்டன்," என்றாள் லோஜினி. "டவுனில இருந்து வாறன்." பெயரையும் வேலையிடத்தையும் சொல்லவில்லை.

றுக்கியா கதிரை எடுத்துப் போட்டாள். "எடுப்பன் புள்ள. ஆனா கொட்டில் சின்னன். எட்டு ஆட்டுக்கு மேல நெருக்கினா நோய் வருத்தம் வந்திரும். என்ட ரெண்டு, கிண்ணியாப் புள்ளட மூணு, குட்டியள். இடமில்ல."

கொட்டிலுக்குள் ஒரு கறுப்பு மறி, காதில் வெள்ளைப் புள்ளி. சுஹைராவின் தொலைபேசித் திரையில் இருந்த அதே ஆடு. லோஜினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் வரை, இடமில்லையென்றால் திரும்பிப் போகலாம் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. அந்தக் கறுப்பு ஆட்டைக் கண்டதும் அது போய்விட்டது.

"கிண்ணியாப் பிள்ளை எவ்வளவு தாறவ?"

"பாதிப் பாதி."

"நான் மூண்டு குட்டியில ரெண்டை உங்களுக்குத் தாறன். தீனிக்கு மாசக் காசும் தனியா."

றுக்கியா இலைக் கட்டைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து மகள் குர்ஆன் ஓதும் சத்தம் வந்தது.

"அந்தக் கிண்ணியாப் புள்ள நல்ல புள்ள," என்றாள் கடைசியில். "லீவு நாளில வந்தா தானே கொட்டில் கூட்டும். மிருக வைத்தியரை அந்தப் புள்ளதான் கூட்டி வாற."

"இது வியாபாரந்தானே," என்றாள் லோஜினி. "நல்ல ஆளெண்டா விளங்கிக்கொள்ளுவா."

"எனக்கும் கரைசேர்க்கக் குமர்ப் புள்ள ஒண்டு இரிக்கு..." றுக்கியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சரி. ஒரு கிழமை தாங்க. நான் அவவுக்குச் சொல்லணும்."

அடுத்த கிழமை சுஹைரா கந்தோருக்கு வந்தபோது அவளது கண் வீங்கியிருந்தது. லோஜினி எழும்பிப் போய் இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். பக்கத்தில் இருந்து முதுகைத் தடவி, என்ன நடந்ததென்று கேட்டாள். கேட்கும்போது தன் குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறதென்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ராத்தா ஆட்டைக் கொண்டுபோகச் சொல்லிட்டா. ஆரோ டவுன் ஆள் கூடுதலாப் பங்கு தாறனெண்டு சொல்லியிருக்காம்."

"நீயும் கூடத் தாறனெண்டு சொல்லன்."

"என்னட்ட அவ்வளவு இல்லயே அக்கா. தீனிக் காசும் குடுக்கிறதாம்." சுஹைரா மூக்கை உறிஞ்சினாள். "ராத்தாவோட எனக்குக் கோவமில்ல. அவவுக்கு நல்லது கிடைச்சா நல்லதுதானே. அந்தக் கறுப்பு மறியை நினைச்சாத்தான்... அது சினை."

லோஜினிக்கு அன்று காலை ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அது அந்தச் சொற்களோடு போய்விட்டது. தன் ஆடுகளை இழந்த பிறகும் இவளால் இப்படிக் கதைக்க முடிகிறதே என்று எரிந்தது. காசில் தோற்கடித்தாலும் இவள் வேறு எதிலோ மேலே நிற்கிறாள்.

கிண்ணியாவில் சுஹைராவின் வீட்டு வளவு கையகலம். ஆட்டைக் கட்ட இடமில்லை. ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுத்தாள். கறுப்பு மறியை வாங்கியவன் இறைச்சிக் கடைக்காரன் என்பது காசு கைக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

லோஜினி ஆறு மறி வாங்கினாள். முதல் இரண்டு மாதம் அவள் மிதந்துகொண்டு திரிந்தாள். கந்தோரில் ஒருவருக்கும் சொல்ல முடியாததுதான் ஒரு குறை. றுக்கியாவின் தொலைபேசி வந்தால் படியிறங்கிக் கீழே போய், துறைமுக மதிலோரம் நின்று கதைப்பாள். மூன்று ஆடு சினையென்று றுக்கியா சொன்ன அன்று அவளுக்கு மேலே ஓடிப்போய் ஆருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. அவள் சொல்ல விரும்பிய ஒரே ஆள் சுஹைராதான்.

சுஹைராவோ ஆட்டுக் காசில் ஒரு பழைய ஓவர்லொக் தையல் மெஷின் வாங்கித் தன் தங்கை நிப்லாவுக்குக் கொடுத்திருந்தாள். நிப்லா அபாயா தைப்பாள். வரும் காசில் அக்காவுக்கு ஒரு பங்கு. முதல் மாதம் பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று சுஹைரா சொன்னபோது லோஜினி ஆறுதல் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு போனாள். அம்மா, "என்ன பிள்ளை, இண்டைக்கு முகம் வெளிச்சமாக் கிடக்கு?" என்று கேட்டாள்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. மூன்று நாள் விடாத மழை. அன்புவழிபுரத்தில் லோஜினியின் வீட்டு முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஆனால் பெரிய சேதமில்லை. மகாவலி ஆறு பெருகி மூதூர்ப் பக்கம் வெள்ளத்துக்குள் போய்விட்டதென்று வானொலி சொன்னது. லோஜினி றுக்கியாவின் எண்ணை அழுத்திக்கொண்டேயிருந்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. முதலில் அவள் நினைத்தது ஆடுகளைத்தான். பெண்ணும் மகளும் என்ன ஆனார்களென்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. எது முதலில் வந்ததென்பதைத் தானே கவனித்து, கொஞ்ச நேரம் கட்டிலில் அப்படியே இருந்தாள்.

பாதை திறந்ததும் முதல் பஸ்ஸில் போனாள். கையில் ஒரு பை அரிசியும் பருப்பும் இருந்தன. ஒழுங்கை முழுவதும் சேறு. முருங்கை விழுந்து கிடந்தது. றுக்கியாவின் வீட்டு வாசலில் ஒரு பெண் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாளியால் தண்ணீர் ஊற்றிச் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். சுஹைரா.

"அக்கா?" அவளது முகம் மலர்ந்தது. "நீங்களும் உதவிக்கு வந்தீங்களா? வீடு எப்பிடித் தெரியும்?"

லோஜினி பதில் சொல்வதற்குள் றுக்கியா பின்பக்கத்திலிருந்து வந்தாள். லோஜினியைக் கண்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"வந்திட்டீங்களா புள்ள! எப்பிடிச் சொல்லுவனெண்டு எனக்கு ரெண்டு நாளா நித்திர இல்ல. தண்ணி இடுப்புக்கு வந்திட்டு. மகளை ஸ்கூல் முகாமுக்குக் கூட்டிப் போகணும். கயித்தையெல்லாம் வெட்டி விட்டன். உங்கட ரெண்டு மறி மட்டும் எங்களுக்குப் பின்னால நீந்தி வந்திச்சு. மிச்சம் நாலும், என்ட ரெண்டும் போயிட்டு."

வாளி சுஹைராவின் கையிலேயே இருந்தது. அவள் றுக்கியாவைப் பார்த்தாள். பிறகு லோஜினியைப் பார்த்தாள். றுக்கியாவுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். "நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பக்கத்து மேசை," என்றாள் சுஹைரா.

திரும்பிச் சுவரைக் கழுவினாள். லோஜினி பையை வைத்துவிட்டு ஒரு தும்புத்தடியை எடுத்துச் சேற்றைக் கூட்டினாள். மத்தியானம் வரை மூன்று பேரும் வேலை செய்தார்கள். றுக்கியாவும் அவள் மகளுந்தான் இடைக்கிடை கதைத்தார்கள். புறப்படும் முன் லோஜினி றுக்கியாவைத் தனியே கூப்பிட்டு, அந்த இரண்டு ஆடும் இனி அவளுக்கே என்றாள். றுக்கியா வேண்டாமென்றாள். லோஜினி கேட்காமல் நடந்தாள்.

பஸ் தரிப்பிடத்தில் வெயிலுக்கு ஒதுங்க ஒரு கூரைதான் இருந்தது. சுஹைரா அங்கே நின்றாள்.

"என்னட்டக் கேட்டிருந்தா இன்னொரு ஆளைப் பாத்துத் தந்திருப்பனே," என்றாள். குரல் உயரவில்லை. "எத்தின பேர் பங்குக்கு எடுக்க இரிக்காங்க."

"தெரியும்."

"பிறகு ஏன்?"

லோஜினி வீதியைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்குச் சக்தி இருக்கவில்லை. "உனக்கு இருந்ததுதான் எனக்கு வேணுமெண்டு இருந்தது. வேறெதுவும் இல்லை. உன்னட்ட அது இருக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாமல் இருந்தது."

சுஹைரா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "நான் அழுத அண்டைக்கு நீங்க தேத்தண்ணி ஊத்தித் தந்தீங்க. பக்கத்தில இருந்து என்ட முதுகைத் தடவினீங்க. அந்த மறி வயித்துப் புள்ளையோட வெட்டுப்பட்டிச்சு. ஆட்டை எடுத்தது கூடப் பரவாயில்ல. அந்தத் தேத்தண்ணியத்தான் எனக்குப் பொறுக்க ஏலாம இரிக்கு."

பஸ் வந்தது. சுஹைரா முன்னுக்கு ஏறி வயதான ஓர் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். லோஜினி பின்னுக்கு நின்றாள். யன்னலால் பார்த்தபோது வயல்களில் இன்னமும் தண்ணீர் கிடந்தது. தான் தட்டிப் பறித்திராவிட்டால் அந்த வெள்ளத்தில் போயிருப்பது சுஹைராவின் ஆடுகள் என்று அவளுக்குத் தோன்றியது. தான் செய்த கெடுதல் கூட அவளுக்கு நன்மையாகத்தான் முடிந்திருக்கிறது. அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலைக் கண்டு அவளுக்கே தன்னில் பயம் பிடித்தது.

கந்தோரில் சுஹைரா மேசையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். காரணம் சொல்லவில்லை. யன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. தேவையென்றால் மட்டும் கதைத்தாள். வெள்ளத்தில் உடுப்புப் புத்தகமெல்லாம் இழந்த பிள்ளைகளுக்குப் புதுத் தவணைக்குப் பாடசாலைச் சீருடை தைக்கும் வேலை கிண்ணியாவில் குவிந்தது. நிப்லாவால் தனியே சமாளிக்க முடியவில்லை. மாசி மாதம் சுஹைரா வேலையை விட்டாள். கடைசி நாள் எல்லாருக்கும் கை கொடுத்து விடைபெற்றாள். லோஜினியின் மேசைக்கு வந்து, "போயிட்டு வாறன்" என்றாள். அவ்வளவுதான். ஆனாலும் வந்து சொன்னாள்.

லோஜினி மிச்சமிருந்த காசைப் பழையபடி வங்கியில் போட்டாள். அந்தப் பெடியன் சொன்ன வீதத்துக்கே போட்டாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூதூருக்குப் போய் வந்தாள். றுக்கியாவின் கொட்டிலை உயரமான இடத்தில் திரும்பக் கட்டும்போது தகரம் பிடித்துக் கொடுத்தாள்.

சித்திரையில் இரண்டு மறிகளில் ஒன்று ஈன்றது. றுக்கியா ஒரு குட்டியைத் தூக்கி லோஜினியின் கையில் வைத்தாள்.

"இது உனக்கு. வேணாமெண்டு சொல்லாத."

"எனக்கு வேண்டாம் ராத்தா. சுஹைராக்குக் குடுங்கோ."

"நான் ஏன் குடுக்க?" றுக்கியா கையைக் கட்டிக்கொண்டாள். "குடுக்கிறதெண்டா நீ கொண்டுபோய்க் குடு."

பால் மறக்கும் வரை காத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை லோஜினி அதைச் சந்தைப் பையில் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, கிண்ணியாவில் இறங்கினாள். பஸ்ஸில் எல்லாரும் அதைத் தடவினார்கள். சுஹைராவின் வீட்டு முன் விறாந்தை இப்போது தையற்கடையாகியிருந்தது. மூன்று மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே புதுப் பலகையில் பெயர் எழுதியிருந்தது. கூலிக்குத் தைக்க இரண்டு பெண்கள் வேறு. கேற்றில் கை வைத்தபடி லோஜினி அதையெல்லாம் பார்த்தாள். நெஞ்சுக்குக் கீழே அந்தப் புளிப்பு மெல்ல எழும்பி வந்தது. அது போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை. அதோடேயே கேற்றைத் திறந்தாள்.

சுஹைரா கழுத்தில் அளவுநாடாவோடு வெளியே வந்தாள். பையைப் பார்த்தாள். குட்டி அவளைப் பார்த்துக் கத்தியது.

"றுக்கியா ராத்தாட கொட்டிலில பிறந்தது," என்றாள் லோஜினி. "உனக்குத்தான். கட்ட இடமில்லையெண்டா ராத்தா வளர்த்துத் தருவா. பங்கெல்லாம் நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொள்ளுங்கோ."

சுஹைரா கையை நீட்டவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. உள்ளேயிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னும் கோவம் போகல்ல," என்றாள் சுஹைரா.

"எனக்கும் முழுசாப் போகேல்லை," என்றாள் லோஜினி. "மூண்டு மெஷினைக் கண்டதும் வயிறு எரிஞ்சுது. பொய் சொல்ல வரேல்லை."

சுஹைராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பையிலிருந்து குட்டியைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டு, அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

"வெயிலில இதைக் கொண்டு வந்திருக்கீங்க, தண்ணி காட்டினீங்களா?"

"இல்லை."

"உள்ளுக்கு வாங்க முதல்ல," என்று சொல்லிவிட்டு, குட்டியோடு அவள் முன்னால் நடந்தாள்.